ரேஞ்ச், பிக்கப், விலை: மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களை எப்படி ஒப்பிடுவது?

சொகுசு மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்று எண்கள் ஒரே மூச்சில் வந்து விழும். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகும், விலை என்ன. இரண்டு கார்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பெரிதோ அது ஜெயித்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். யூடியூப் வீடியோக்களில் பாதி இப்படித்தான் போகின்றன.

ஒரு காரை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். டெஸ்லாவின் மாடல் எஸ் பிளெய்ட். 2021 ஜூனில் அமெரிக்காவில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. 1,020 குதிரைத்திறன், 1.99 நொடி பிக்கப், 637 கிலோமீட்டர் ரேஞ்ச், மணிக்கு 322 கிலோமீட்டர் டாப் ஸ்பீடு, 1,29,990 டாலர் விலை என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். ஆனால் அந்த 637 கிலோமீட்டர், 19 அங்குலச் சக்கரம் போட்ட காருக்கு. படங்களில் அழகாகத் தெரியும் 21 அங்குலச் சக்கரத்தைப் போட்டால் அதே சோதனையில் 560 கிலோமீட்டர்தான். 322 கிலோமீட்டர் வேகத்துக்கு, தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பிரேக், சக்கரத் தொகுப்பு வேண்டும். 1.99 நொடி என்பது நூறு கிலோமீட்டருக்கு இல்லை, மணிக்கு 60 மைல் வேகத்துக்கு; அதுவும் கார் நகர்ந்த பிறகுதான் கடிகாரத்தைத் தொடங்கும் முறையில் எடுத்தது. ஒவ்வொரு எண்ணும் உண்மை. ஆனால் எல்லா எண்ணும் சேர்ந்து ஒரே காரில், ஒரே நாளில் கிடைக்காது.

இந்த எண்கள் காரின் பிறவிக் குணங்கள் இல்லை. ஒரு குறிப்பிட்ட காரை, குறிப்பிட்ட சக்கரத்தோடு, குறிப்பிட்ட முறையில் சோதித்தபோது கிடைத்த விடைகள். கேள்வி என்ன என்று தெரியாமல் விடையை மட்டும் ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். அதனால் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

முதலில் இரண்டு அளவுகள்

மின்சாரக் காரைப் பற்றிய குழப்பத்தில் பாதி, கிலோவாட்டையும் கிலோவாட் மணியையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது ஒன்று. குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும் என்பது வேறு ஒன்று. பெரிய தொட்டியில் மெல்லிய குழாய் இருக்கலாம். சின்னத் தொட்டியில் பெரிய குழாயும் இருக்கலாம்.

கிலோவாட் மணி என்பது தொட்டியின் கொள்ளளவு. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் சேமிக்கலாம் என்பதைச் சொல்கிறது. நம் வீட்டு மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது சரியாக ஒரு கிலோவாட் மணிதான். ஆகவே இனி யூனிட் என்றே எழுதுகிறேன். கிலோவாட் என்பது குழாயின் வேகம். அந்த மின்சாரத்தை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கலாம் என்பதைச் சொல்கிறது. குதிரைத்திறன் என்பதும் இதே அளவைத்தான் வேறு அலகில் சொல்கிறது. ஒரு குதிரைத்திறன் சுமார் 0.75 கிலோவாட்.

அமெரிக்காவின் லூசிட் ஏர் சஃபையர் காரின் பேட்டரி 118 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு என்று 2016-ல் அரசு தரத் தொடங்கிய 100 இலவச யூனிட்டைவிட அதிகம். 2020 மாடல் போர்ஷே தைக்கான் டர்போ எஸ் காரின் பேட்டரி 93.4 யூனிட். அதில் ஓட்டுநர் பயன்படுத்தக்கூடியது 83.7 மட்டும். பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க மீதியைக் கம்பெனியே பூட்டி வைத்துவிடும். ஒரு கார் மொத்தக் கொள்ளளவைச் சொல்லும், இன்னொன்று பயன்படும் கொள்ளளவைச் சொல்லும். முதல் சறுக்கல் இங்கேயே நடந்துவிடுகிறது.

இதுவரை: யூனிட் என்பது எவ்வளவு இருக்கிறது, கிலோவாட் என்பது எவ்வளவு வேகமாக எடுக்கலாம். ரேஞ்ச் முதலாவதைச் சார்ந்தது, பிக்கப் இரண்டாவதைச் சார்ந்தது.

ஒரே கார், நாட்டுக்கு ஒரு ரேஞ்ச்

ரேஞ்ச் என்று விளம்பரத்தில் வரும் எண்ணை யாரும் சாலையில் ஓட்டி அளப்பதில்லை. டைனமோமீட்டர் என்ற உருளைகளின் மேல் காரை நிறுத்தி, சக்கரம் மட்டும் சுழலும்படி, எழுதி வைத்த கால அட்டவணைப்படி வேகத்தைக் கூட்டிக் குறைத்து அளக்கிறார்கள். அந்த அட்டவணைக்கு ஓட்டச் சுழற்சி என்று பெயர். நாட்டுக்கு நாடு இது வேறு.

ஐரோப்பாவின் சுழற்சி டபிள்யூஎல்டிபி. முப்பது நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 46.5 கிலோமீட்டர். உச்சமாகக் கொஞ்ச நேரம் 131 கிலோமீட்டரைத் தொடும். சீனாவின் சிஎல்டிசி இதைவிட மெதுவானது. சராசரி 29 கிலோமீட்டர், உச்சம் 114. இந்தியாவின் எம்ஐடிசி சுழற்சியில் வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டாது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ, நகர ஓட்டம், நெடுஞ்சாலை ஓட்டம் இரண்டையும் சோதிக்கச் சொல்லி, வந்த விடையிலிருந்து ஒரு பங்கைக் கழித்துவிடும். ஏசி, குளிர், அதிவேகம் எல்லாம் நிஜத்தில் ரேஞ்சைக் குறைக்கும் என்பதால் இந்தக் கழிவு. வழக்கமாக 100 வந்தால் 70 என்று வைப்பார்கள். கம்பெனி விரும்பினால் கூடுதலாக மூன்று சோதனைகள் செய்து காட்டி, தன் காருக்கென்று வேறு கழிவு விகிதத்தைப் பெறலாம். ஆக இபிஏ எண்கள் இரண்டை ஒப்பிடும்போதும் முழு நிம்மதி கிடையாது.

இதன் விளைவை தைக்கான் டர்போவில் பார்க்கலாம். 2019 செப்டம்பரில் அறிமுகமானபோது ஐரோப்பியக் கணக்கில் 450 கிலோமீட்டர் வரை என்றார்கள். சில மாதம் கழித்து இபிஏ கணக்கு வந்தது: 201 மைல், அதாவது சுமார் 323 கிலோமீட்டர். ரேஞ்ச் இவ்வளவுதானா என்று அமெரிக்காவில் பலரும் அந்தக் காரை ஒதுக்கிப் பேசினார்கள். போர்ஷே ஏஎம்சிஐ என்ற சோதனை நிறுவனத்தை அமர்த்தி நிஜச் சாலையில் ஓட்டச் சொன்னது; 275 மைல், சுமார் 443 கிலோமீட்டர் வந்தது. காசு கொடுத்தது கம்பெனி என்பதை மனதில் வைத்துக்கொண்டே இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் அதே கார், அதே பேட்டரி. 323-ம் உண்டு, 450-ம் உண்டு.

இந்தியாவில் விற்கும் காரிலும் இதே கதைதான். எம்ஜி சைபர்ஸ்டர் என்ற திறந்த கூரை மின்சார ஸ்போர்ட்ஸ் கார் 2025 ஜூலையில் ரூ. 74.99 லட்சத்துக்கு இங்கே வந்தது. 77 யூனிட் பேட்டரி. இந்தியக் கணக்கில் 580 கிலோமீட்டர். ஐரோப்பாவில் விற்கும் இரட்டை மோட்டார் சைபர்ஸ்டருக்கு டபிள்யூஎல்டிபி சொல்வது சுமார் 440. இங்கே வந்ததும் கார் திடீரென்று சிக்கனமாகிவிடவில்லை. கேட்ட கேள்விதான் சுலபமாகிவிட்டது.

சுருக்கமாக: இபிஏ எண்ணை இபிஏ எண்ணோடு, டபிள்யூஎல்டிபி எண்ணை டபிள்யூஎல்டிபி எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பொதுவாக ஒரே காருக்கு இபிஏ குறைவாகவும், டபிள்யூஎல்டிபி அதற்கு மேலாகவும், சிஎல்டிசியும் எம்ஐடிசியும் இன்னும் மேலாகவும் வரும்.

ரேஞ்சைத் தின்பது எது?

"சும்மா சும்மா ஆக்சிலரேட்டரை மிதித்தால் சார்ஜ் காலியாகிவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ரேஞ்ச் குறையும் என்பதற்கும் இதையே காரணமாகக் காட்டுகிறார்கள். கணக்குப் போட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கணக்கு இது.

ஆளோடு சேர்த்து 2,400 கிலோ எடையுள்ள காரை நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பள்ளியில் படித்த சூத்திரம் போதும்: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை சுமார் 0.26 யூனிட். கால் யூனிட்! தைக்கானில் பயன்படும் சுமார் 84 யூனிட்டில் அது ஒன்றுமே இல்லை. 2.8 நொடியில் போனாலும் பத்து நொடியில் போனாலும் காருக்குள் சேரும் ஆற்றல் இதே கால் யூனிட்தான். வேகமாக எடுக்கும்போது வயரிலும் மோட்டாரிலும் சூடாக வீணாவது கொஞ்சம் கூடும், அவ்வளவே. பிரேக் பிடிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தக் கால் யூனிட்டில் ஒரு பகுதியைத் திரும்பவும் பேட்டரிக்கு அனுப்பிவிடும். இதற்கு மீள்பிரேக்கிங் என்று பெயர்.

அப்படியானால் சார்ஜ் எங்கே போகிறது? காற்றுக்கு. காற்று காரைத் தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. தைக்கான் அளவுள்ள, காற்றைக் கிழித்துப் போகும் நல்ல வடிவமுள்ள ஒரு காருக்கு நான் போட்ட தோராயக் கணக்கு இது. மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராக ஓடினால், நூறு கிலோமீட்டர் தூரத்துக்குக் காற்றுக்கு மட்டும் சுமார் 6.6 யூனிட் போகும். 130-ல் 11 யூனிட். ஜெர்மனியின் ஆட்டோபானில் வேக வரம்பில்லாத பகுதியில் 200-ல் ஓடினால் 26 யூனிட். இதோடு டயர் உருள்வதற்கு எந்த வேகத்திலும் ஆறு, ஆறரை யூனிட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

84 யூனிட்டை இந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். 100-ல் ஓடினால் சுமார் 640 கிலோமீட்டர், 130-ல் 475, 200-ல் 255. மோட்டார் இழப்பு, ஏசி, எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. நிஜத்தில் இதைவிடக் குறைவுதான். ஆனால் எந்தத் திசையில் எவ்வளவு இறங்குகிறது என்பது தெளிவு. அடிக்கடி பாய்வதைவிட, வேகத்திலேயே நிலைத்து நிற்பதுதான் பேட்டரியைக் கரைக்கிறது. ரேஸ் டிராக்கில் இரண்டும் சேர்ந்து நடக்கும். பாய்வதும் பிரேக் பிடிப்பதும் நிமிடத்துக்குப் பல முறை, நடுவில் முழு வேகம். அங்கே எந்தக் காரின் ரேஞ்சும் விளம்பர எண்ணின் பக்கத்தில்கூட வராது.

ஸ்போர்ட்ஸ் காரின் ரேஞ்ச் குறைவதற்கு இன்னொரு காரணம் டயர். அகலமான, ஒட்டும் தன்மையுள்ள ரப்பர் சாலையை இறுகப் பிடிக்கும். அதே பிடி உருளும்போது தடையாகும். பெரிய சக்கரம் காற்றையும் அதிகமாகக் கலைக்கும். பிளெய்ட் காரில் இரண்டு அங்குலச் சக்கர மாற்றத்தில் 77 கிலோமீட்டர் போனது இதனால்தான்.

பேட்டரி பெரிதானால் ரேஞ்ச் கூடும் என்ற எண்ணத்துக்கும் லூசிட் கம்பெனியே நல்ல பதில் வைத்திருக்கிறது. அதன் சஃபையர் மாடலுக்கு 118 யூனிட் பேட்டரி, மூன்று மோட்டார், 1,234 குதிரைத்திறன். இபிஏ ரேஞ்ச் 427 மைல், சுமார் 687 கிலோமீட்டர். அதே காரின் விலை குறைந்த ப்யூர் மாடலுக்கு, 2025 கணக்குப்படி, 84 யூனிட் பேட்டரிதான். ரேஞ்ச் 420 மைல், சுமார் 676 கிலோமீட்டர். 34 யூனிட் குறைவு, ஆனால் 11 கிலோமீட்டர்தான் வித்தியாசம். ஒற்றை மோட்டார், குறைந்த எடை, எளிதாக உருளும் டயர்.

அதனால் ரேஞ்சைவிட நான் முதலில் பார்ப்பது, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கை. ப்யூர் சுமார் 8, சஃபையர் சுமார் 5.8, 2020 தைக்கான் டர்போ எஸ் சுமார் 3.7. மூன்றும் இபிஏ ரேஞ்சை வைத்துப் போட்டவை. காரைச் செய்த பொறியாளரின் கைவண்ணம் இந்த எண்ணில்தான் தெரியும். பெரிய பேட்டரியை யார் வேண்டுமானாலும் போடலாம்.

நொடிக் கணக்கில் ஒளிந்திருப்பது

இப்போது பிக்கப். இங்கே மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும்.

ஒன்று, வேகத்தின் அலகு. அமெரிக்காவில் பூஜ்யத்திலிருந்து மணிக்கு 60 மைல் வரை அளப்பார்கள். 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர். ஐரோப்பாவிலும் நம்மிடமும் 100 கிலோமீட்டர். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பத்தில் ஒரு நொடிக்குச் சண்டை போடும்போது இதுவும் பெரிது.

இரண்டு, ரோல்அவுட். அமெரிக்க டிராக் பந்தயப் பழக்கத்திலிருந்து வந்தது. கார் முதல் ஓரடியைக் கடந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஓரடி என்பது 30 சென்டிமீட்டர். அதில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். மணிக்கு நூறை மூன்று நொடிக்குள் தொடும் காருக்கு அந்த 30 சென்டிமீட்டரைக் கடக்கச் சுமார் கால் நொடி ஆகும்; கடக்கும்போது அதன் வேகம் மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர். அதாவது பூஜ்யத்திலிருந்து என்று எழுதியிருந்தாலும், கடிகாரம் தொடங்குவது பூஜ்யத்தில் இல்லை. டெஸ்லாவின் 1.99 இப்படி எடுத்தது. சீனாவின் ஷாவ்மி எஸ்யூ7 அல்ட்ராவின் 1.98 நொடியும் அப்படித்தான். கம்பெனி அடிக்குறிப்பில் சொல்லியிருக்கும். வீடியோக்களில் அந்த அடிக்குறிப்பு காணாமல் போய்விடும்.

மூன்று, டயரின் எல்லை. 2.8 நொடியில் நூறைத் தொடும்போது இருக்கை உங்கள் முதுகைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட உங்கள் எடைக்குச் சமம். இரண்டு நொடியில் தொட வேண்டுமானால் அதைவிட நாற்பது சதவீதம் அதிகம் தள்ள வேண்டும். சாதாரணத் தார்ச்சாலையில் டயர் அவ்வளவு பிடிக்காது; வழுக்கும். இரண்டு நொடிக்குக் கீழே போகும் எண்களுக்குப் பெரும்பாலும் விசேஷமாகத் தயாரித்த ஒட்டும் தளம் வேண்டியிருக்கிறது. குரோஷியாவின் ரிமாக் நெவேரா 1,914 குதிரைத்திறன். 60 மைல் வேகத்துக்கு அறிமுகத்தின்போது சொன்னது 1.85 நொடி. லூசிட் சஃபையர் 1,234 குதிரைத்திறன், 1.89 நொடி. கூடுதலாக 680 குதிரைத்திறன் போட்டும் கிடைத்தது 0.04 நொடி. டயர் தாங்கும் எல்லை வந்தபிறகு மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. நெவேராவின் பலம் மேல் வேகத்தில்தான் தெரியும். 2023 ஏப்ரலில் ஜெர்மனியின் பாப்பன்பர்க் டிராக்கில் அது நின்ற நிலையிலிருந்து 400 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, மறுபடி நிற்க 29.93 நொடி எடுத்துக்கொண்டது.

சரி, இதுவரை பார்த்தது: 60 மைலா 100 கிலோமீட்டரா, ரோல்அவுட் கழித்ததா இல்லையா, எந்தத் தளம். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் நொடிகளை ஒப்பிடலாம்.

பத்தாவது முறை என்ன ஆகும்?

விளம்பரத்தில் வராத, ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கே உரிய கேள்வி இது. ஒருமுறை பாய்வது எளிது. அதே வேகத்தில் மறுபடி மறுபடி பாய முடியுமா?

எந்த வயரிலும் மின்னோட்டம் போனால் சூடு பிறக்கும். மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. பேட்டரி, மோட்டார், நடுவிலுள்ள இன்வெர்ட்டர் மூன்றும் சூடாகும். இன்வெர்ட்டர் என்பது பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி. சூடு எல்லையைத் தாண்டினால், பாகங்கள் கெடாமல் இருக்கக் கார் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் பல கார்களில் சக்திக்கு இரண்டு எண் இருக்கிறது. முதல் தைக்கான் டர்போ எஸ் காரின் வழக்கமான உச்சம் 460 கிலோவாட். லாஞ்ச் கன்ட்ரோல் என்ற பாய்ச்சல் முறையில் சில நொடிகளுக்கு மட்டும் 560. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இரண்டாவது எண்.

சூட்டைக் குறைக்க ஒரு வழி, மின்னழுத்தத்தை உயர்த்துவது. மற்ற மின்சாரக் கார்கள் சுமார் 400 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது தைக்கான் 800 வோல்ட்டுக்குப் போனது. 560 கிலோவாட் எடுக்க 400 வோல்ட்டில் 1,400 ஆம்பியர் வேண்டும். 800 வோல்ட்டில் 700 போதும். மின்னோட்டம் பாதி, அதே தடிமன் வயரில் சூடு கால்வாசி. வேகமாக சார்ஜ் ஏற்றுவதற்கும் இதே காரணத்தால் இது உதவுகிறது.

அறிமுகத்துக்கு முன்பே போர்ஷே இதைக் காட்ட விரும்பியது. 2019 ஜூலையில் ஜெர்மனியின் லார் விமானத்தளத்தில் ஒரு தைக்கானைத் தொடர்ந்து 26 முறை, நின்ற நிலையிலிருந்து 200 கிலோமீட்டர் வேகம் வரை விரட்டினார்கள். மிக வேகமான ஓட்டத்துக்கும் மிக மெதுவான ஓட்டத்துக்கும் இடையே 0.8 நொடிதான் வித்தியாசம். அடுத்த மாதம் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் 24 மணி நேரத்தில், சார்ஜ் ஏற்றிய நேரமும் சேர்த்து, 3,425 கிலோமீட்டர் ஓடியது. என் கணக்கில் இந்த இரண்டு செய்தியும், எந்த 1.9 நொடியைவிடவும் அந்தக் காரைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

சார்ஜ் ஏற்றுவதிலும் இதே உச்சம், தொடர்ச்சி வேறுபாடு உண்டு. "270 கிலோவாட்டில் ஏறும்" என்றால் முழு நேரமும் அந்த வேகத்தில் ஏறாது. பேட்டரி நிரம்ப நிரம்ப வேகம் குறையும். பார்க்க வேண்டியது 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற எத்தனை நிமிடம் என்பதை. 2024-ல் புதுப்பித்த தைக்கானுக்கு, தகுந்த சார்ஜர் கிடைத்தால், அது 18 நிமிடம். நெடும்பயணத்தில், பெரிய பேட்டரியும் மந்தமான சார்ஜிங்கும் உள்ள காரை, சின்ன பேட்டரியும் வேகமான சார்ஜிங்கும் உள்ள கார் முந்திவிடும்.

சாதனை நேரங்களைப் படிக்கும்போதும் ஒரு கண் வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ரேஸ் பாதையில் தைக்கான் டர்போ ஜிடி 7 நிமிடம் 7.55 நொடியில் சுற்றி வந்தது. அது வைஸாக் தொகுப்போடு கூடிய கார். எடை குறைக்கப் பின் இருக்கைகளே கிடையாது. 2025 ஜூனில் ஷாவ்மி எஸ்யூ7 அல்ட்ரா அதே பாதையை 7 நிமிடம் 4.957 நொடியில் முடித்தது. அதே கம்பெனி இன்னும் வேகமான நேரங்களையும் வெளியிட்டது. அவை விற்பனைக்கு வராத முன்மாதிரிக் காரில் எடுத்தவை.

விலை என்பதும் ஒரே எண் இல்லை

மேல்மட்டத்தில் விலை ஏறும் அளவுக்குத் திறன் ஏறாது. சஃபையர் அறிமுகத்தின்போது 2,49,000 டாலர். அறிமுக விலையில் பிளெய்ட் 1,29,990. 60 மைல் வேகத்துக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்தில் ஒரு நொடி. நெவேரா சுமார் 20 லட்சம் யூரோ. 150 கார்கள் மட்டுமே என்று அறிவித்தார்கள். மறுபக்கம், ஷாவ்மி தன் எஸ்யூ7 அல்ட்ராவுக்கு முன்பதிவின்போது 8,14,900 யுவான் என்றது. 2025 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது 5,29,900 ஆக்கிவிட்டது. 1,500-க்கு மேல் குதிரைத்திறன், சீனாவில் சுமார் 73,000 டாலருக்கு.

இந்தச் சரிவுக்குக் காரணம் மின்சார மோட்டாரின் இயல்பு. பெட்ரோல் எஞ்சினில் ஆயிரம் குதிரைத்திறன் எடுப்பது தனிக் கலை. பல ஆண்டு அனுபவம், விலையுயர்ந்த பாகங்கள். மோட்டாரில் அப்படி இல்லை. பேட்டரி கொடுக்க முடிந்தால் இன்னொரு மோட்டாரைச் சேர்த்துவிடலாம். நேர்க்கோட்டு வேகம் மலிவாகிவிட்டது. இதைப் பணக்கார வாடிக்கையாளர்களும் உணர்ந்துவிட்டார்கள். நெவேரா போன்ற மின்சார ஹைப்பர் கார்களுக்கு எதிர்பார்த்த வரவேற்பு இல்லை என்று, அதைச் செய்யும் ரிமாக் கம்பெனியின் நிறுவனர் மேட் ரிமாக் 2024-ல் வெளிப்படையாகவே பேசினார். அவர் தலைமையில் புகாட்டி அதே ஆண்டு அறிமுகம் செய்த டூர்பியோன், 16 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு கூடிய ஹைப்ரிட்.

விலை காலத்தாலும் மாறும். 1,29,990 டாலர் கொடுத்து வாங்கிய பிளெய்ட், 2023 செப்டம்பரில் ஷோரூமிலேயே 89,990-க்குக் கிடைத்தது. பழையதை விற்க நினைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேட்டரித் தொழில்நுட்பம் ஆண்டுதோறும் முன்னேறுவதால் இந்தப் பிரிவில் மறுவிற்பனை மதிப்பு சீக்கிரம் சரிகிறது. வாங்கும் விலையோடு, நான்கு ஆண்டு கழித்து என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் விலை என்று சொல்ல வேண்டும்.

நாட்டுக்கு நாடு விலை மாறுவது இன்னொரு வலை. அடிப்படை தைக்கான் அமெரிக்காவில் சுமார் 83,000 டாலர் இருந்த சமயத்தில், 2021 நவம்பரில், இந்தியாவுக்கு ரூ. 1.50 கோடியில் வந்தது. டாலரை அப்படியே ரூபாயாக்கினால் அன்றைக்கு 62 லட்சம்தான். முழுமையாகக் கட்டிய நிலையில் இறக்குமதியாகும் விலை உயர்ந்த காருக்கு, சுங்க வரியும் அதன்மேல் வரும் கூடுதல் வரியும் சேர்ந்து நூறு சதவீதத்தைத் தாண்டுகின்றன. அமெரிக்க விலையில் அந்தந்த மாநில விற்பனை வரி சேர்ந்திருக்காது. நம் ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், ஆனால் பதிவும் காப்பீடும் ஆன்ரோடு விலையில்தான் வரும். ஆகவே "அங்கே இவ்வளவுக்குத் தருகிறான், இங்கே கொள்ளை" என்று சொல்வதற்கு முன் எந்த விலையை எந்த விலையோடு வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஜோடியைச் சரியாக ஒப்பிட்டுப் பார்ப்போம்

பிளெய்ட், 2020 தைக்கான் டர்போ எஸ். இணையத்தில் ஓயாமல் மோதவிடும் ஜோடி. மேலோட்டமாகப் பார்த்தால் 1.99 நொடிக்கு எதிராக 2.8. ரேஞ்ச் 637-க்கு எதிராக 309. அறிமுக விலை 1,29,990 டாலருக்கு எதிராக 1,85,000. போட்டியே இல்லை என்று தோன்றும்.

நொடியைச் சரிசெய்வோம். போர்ஷேயின் 2.8 என்பது ரோல்அவுட் கழிக்காமல் 100 கிலோமீட்டர் வரை. 60 மைலுக்கு அமெரிக்காவில் போர்ஷே சொன்னது 2.6. ரோல்அவுட்டுக்குக் கால் நொடி கழித்தால் 2.35. அப்போது வித்தியாசம் 0.8 நொடியிலிருந்து 0.4-க்கும் கீழே வந்துவிடுகிறது.

ரேஞ்ச் இரண்டுமே இபிஏ எண்தான். ஆனால் பிளெய்டின் 637 சின்னச் சக்கரத்துக்கு. தைக்கான் டர்போ எஸ் வருவதே 21 அங்குலச் சக்கரத்தில். அப்படியென்றால் 560-க்கு எதிராக 309. இபிஏ கழிவு விகிதம் காருக்குக் கார் மாறலாம் என்பதையும், தைக்கான் டர்போவின் சாலைச் சோதனையையும் நினைவில் வைத்தால் இடைவெளி இன்னும் சுருங்கும். ஆனால் மறையாது.

விலையில் டெஸ்லா தெளிவாகக் கீழே. அதை எந்தச் சரிசெய்தலும் மாற்றாது.

ஆக எல்லாத் திருத்தமும் செய்த பிறகும் ரேஞ்ச், பிக்கப், விலை மூன்றிலும் பிளெய்ட்தான் முன்னால். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முன்னால் என்பது இரண்டு மடங்கு தூரமும் முக்கால் நொடியும் இல்லை. தைக்கான் தன் பணத்தைச் செலவழித்திருப்பது இந்த மூன்று எண்களுக்கு வெளியே: 26-வது பாய்ச்சலிலும் குறையாத சக்தி, 800 வோல்ட் சார்ஜிங், வளைவிலும் பிரேக்கிலும் போர்ஷே செய்திருக்கும் வேலை. வார இறுதியில் டிராக்குக்குப் போகிறவரும், ஆட்டோபானில் மணிக்கணக்கில் வேகம் பிடிக்கிறவரும் அதற்காகக் கூடுதல் 55,000 டாலர் கொடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. சிக்னலில் ஒருமுறை பாய்ந்து, மீதி நேரம் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகிறவருக்கு அந்தப் பணம் வீண். அவர் பிளெய்டை 19 அங்குலச் சக்கரத்தோடு வாங்குவதே சரி.